தொட்டியத்துக்குப் போன சாட்சிப் பெட்டி

மன்னார்புரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் பாக்கியநாதனின் கம்பெனி நடந்துவந்தது. பெரிய தொழிற்சாலை ஒன்றின் மீட்டர் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, சொந்தமாக எதையாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்று வேலையை விட்டு வந்தவர் அவர். அவரிடம் சேர்ந்த முதல் இன்ஜினியர் லூர்துராணி. மேலப்புதூரில் அம்மா ரோசம்மாளோடு இருந்தாள். அது 1984. மைக்ரோபிராசசர் என்ற வார்த்தையைத் திருச்சியில் கல்லூரி வகுப்பறைக்கு வெளியே அதிகம் கேட்க முடியாது. அந்தச் சிப்புக்குப் புரோகிராம் எழுதுவதுதான் அவளுடைய வேலை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது பம்ப்செட்டுக்கான ஒரு தானியங்கிப் பெட்டி. வயலுக்கு வரும் மும்முனை மின்சாரம் பகலில் வருமா, நடுராத்திரியில் வருமா என்று யாருக்கும் தெரியாது. அது வந்ததும் மூன்று முனைகளும் சரியாக இருக்கின்றனவா என்று இந்தப் பெட்டி பார்க்கும். கொஞ்ச நேரம் பொறுத்திருந்து மோட்டாரைத் தானே போடும். ஒரு முனை விட்டுப்போனாலோ, கிணற்றில் தண்ணீர் இறங்கினாலோ உடனே நிறுத்தும். மோட்டார் எரியாது, மனிதர்கள் இருட்டில் வயலுக்கு ஓட வேண்டியதில்லை.

பட்டறை மேஜையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மோட்டாருக்குப் பதில் மூன்று பல்புகளை மாட்டி, காலையிலிருந்து மாலை வரை போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அடுத்தபடியாக ஒரு நிஜக் கிணறு வேண்டியிருந்தது. தொட்டியத்தில் வாழை விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பாக்கியநாதன் எழுந்து பேசினார். பெட்டியை எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மாட்டிக்கொள்ள மட்டும் யாரும் முன்வரவில்லை. மோட்டாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பின்வரிசையில் இருந்து ஒரு பெண்தான் எழுந்தாள்.

"என் கிணத்துல மாட்டுங்க. கரண்டு வந்துருச்சான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தே என் தூக்கம் போவுது."

அவள் பெயர் வள்ளிக்கண்ணு. கணவர் வீரமலை தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். வாசல் வரை நடப்பதே பெரிய காரியம். மூன்று ஏக்கர் பூவன் வாழையை அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். ராத்திரி கரண்ட் வந்தால் அரிக்கேன் விளக்கோடு வாழைக்குள் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவாள்.

பெட்டியை அவளுடைய பம்ப் ஷெட்டில் மாட்டினார்கள். முதல் நாள் நன்றாக ஓடியது. மறுநாள் மோட்டாரைப் போட்ட கையோடு அதுவே நிறுத்தியது. மறுபடி போட்டது. மறுபடி நிறுத்தியது. ஸ்டார்ட்டர் தடக் தடக்கென்று அடித்துக்கொள்ள, வள்ளிக்கண்ணு ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டாள். அதன் பிறகு சில நாள் ஒழுங்காக இருக்கும். திடீரென்று ஒரு நாள் மறுபடி அதே ஆட்டம்.

லூர்துராணி புரோகிராமை மாற்றி எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய புரோகிராம் பதிந்திருக்கும் மெமரி சிப்பைத் தகரப் பெட்டிக்குள் ஊதா விளக்கின் கீழே அரைமணி நேரம் வைத்து அழிக்க வேண்டும். புதிதாக எழுதி, போர்டில் செருகி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் பிடிக்க வேண்டும். காவிரிப் பாலம், சாரம் கட்டி நின்ற ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், கொள்ளிடப் பாலம், டோல்கேட், குணசீலம், முசிறி என்று போய்ச் சேர்ந்து பார்த்தால், அவள் இருக்கும்போது அது தவறே செய்யாது. ஊர் திரும்பிய பிறகு தந்தி மாதிரி ஒரு கார்டு வரும்: மறுபடி அடிக்கிறது.

மோட்டார் கிளம்பும்போது மின்சாரம் ஒரு கணம் இறங்குகிறது, அதில் சிப் மயங்கி முதலிலிருந்து தொடங்குகிறது என்பது பாக்கியநாதனின் எண்ணம். பவர் சப்ளையில் பெரிய பெரிய கெப்பாசிட்டர்களைச் சேர்த்தார். பலனில்லை. வைகாசி வந்தது. வாழை தார் விடும் பருவம்.

ஒரு நாள் மாலை அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "ராணி, இதை இப்போதைக்கு ஒதுக்கி வச்சுருவோம். எலெக்ட்ரானிக் தராசு வேலை ஒண்ணு வந்திருக்கு. அதைப் பார்ப்போம்."

"அந்த அக்காகிட்ட என்ன சார் சொல்றது?"

"பெட்டியக் கழட்டிக் கொண்டு வந்துருவோம். வேற என்ன செய்யறது? என்ன தப்புன்னே தெரியல. நீ எழுதினதுலயா, நான் வரைஞ்ச போர்டுலயா, கரண்டுலயா?"

லூர்துராணி மேஜையிலிருந்த ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டாள். பிறகு, "அதைத்தான் சார் நானும் யோசிச்சுட்டிருக்கேன். நாம வெளியில இருந்து ஊகிச்சுட்டே இருக்கோம். தப்பு நடக்கிற அந்த நேரத்துல சிப்பு எங்க இருந்துச்சுன்னு பாக்க நமக்கு ஒண்ணுமே இல்ல. அதைப் பாக்கறதுக்குன்னே ஒரு பெட்டி செஞ்சா என்ன?" என்றாள்.

அவள் காகிதத்தில் வரைந்து காட்டினாள். சிப், புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது அந்த வரியின் முகவரியை வெளியே சொல்லும். அந்த முகவரிகளை ஒரு மெமரியில் வரிசையாகப் பதிந்துகொண்டே வர வேண்டும். நிறைந்துவிட்டால் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டு போகலாம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது சிப் மறுபடி தொடக்கப் பகுதிக்குத் திரும்பினால், அந்த நொடியே பதிவு நின்றுவிட வேண்டும். பிறகு ஒரு பித்தானை அமுக்கி அமுக்கிப் பின்னோக்கிப் போனால், அது எந்த வழியாக வந்தது என்று விளக்குகளில் தெரியும்.

பாக்கியநாதன் படத்தையே பார்த்தார். "வெளிநாட்டுல இதுக்கு மெஷின் இருக்கு. நம்மால வாங்க முடியாது."

"அதுல இருக்கிற எல்லாம் நமக்கு வேண்டாம் சார். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா போதும்."

அவர் சிரித்தார். "சாட்சி சொல்ற பெட்டி. சரி, செய். தராசை நான் பாத்துக்கறேன்."

சாட்சிப் பெட்டி என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

மற்ற சாமான்கள் கிடைத்தன. வேகமான மெமரி சிப் இரண்டு மட்டும் திருச்சியில் கிடைக்கவில்லை. சிங்காரத்தோப்பில் ரேடியோ கடை வைத்திருந்த சேக் மைதீனிடம் லூர்துராணி போய்க் கேட்டாள். அவருடைய மருமகன் சிங்கப்பூரில் இருந்தார்.

"என்ன எண்ணுன்னு எழுதிக் குடும்மா. நான் போன்ல படிச்சுக் காட்டறேன். தப்பா வாங்கிரக் கூடாதுல்ல?"

டிரங்க் கால் போட்டு, இரைச்சலுக்கு நடுவே எண்ணையும் எழுத்தையும் திரும்பத் திரும்பக் கத்திச் சொல்லியிருக்கிறார். பெருநாளுக்கு மருமகன் வந்தபோது, சோப்புக்கும் தைலத்துக்கும் இடையில் கறுப்பு நுரைத் துண்டில் குத்திய இரண்டு சிப்புகளும் வந்தன. பெருநாள் கூட்டம் வீட்டில் நிறைந்திருக்க, சேக் மைதீன் தாமே மன்னார்புரத்துக்கு வந்து மாடியேறி அவற்றை மேஜையில் வைத்தார்.

"எப்படி பாய் இதுக்கு நன்றி சொல்றது?" என்றாள் லூர்துராணி.

"அந்தப் பம்பு ஓடட்டும்மா. துவா செய்றேன்." பிறகு அவள் வரைந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கரண்டு எங்கேருந்து?" என்று கேட்டார்.

"பம்ப் ஷெட்டுல இருக்கிறதேதான்."

"மெயின இழுத்தா இதுல இருக்கிறதும் போயிருமே. என் ஸ்கூட்டர் பேட்டரி சும்மாதான் கிடக்கு, எடுத்துட்டுப் போ."

அவளும் பாக்கியநாதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு யோசித்தவர்கள் அதை யோசிக்கவில்லை.

பெட்டி தயாரானதும் மேஜையிலேயே சோதித்தார்கள். லூர்துராணி வேண்டுமென்றே தப்பான புரோகிராம் ஒன்றை ஓடவிட்டாள். பதிவு நின்றது, பின்னோக்கிப் பார்த்தபோது அவள் எங்கே தப்பு வைத்தாளோ அங்கேயே விளக்குகள் எரிந்தன. பாக்கியநாதன் சைக்கிள் கடைக்காரருக்கும் சேர்த்து டீ சொன்னார்.

தொட்டியத்துக்கு இருவரும் காலை முதல் பஸ்ஸில் போனார்கள். பேட்டரியைக் கோணிப்பையில் சுற்றி பாக்கியநாதன் மடியில் வைத்திருந்தார். அன்றைக்கு மத்தியானம் வரை மும்முனை மின்சாரம் உண்டு என்று லைன்மேனிடம் கேட்டு வள்ளிக்கண்ணு சொல்லி அனுப்பியிருந்தாள்.

வயலில் தார்கள் தலைகீழாகத் தொங்கின. பம்ப் ஷெட் வாசலில் நின்று லூர்துராணி தயங்கினாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நாங்க வந்தது அதைச் சரி பண்ண இல்ல. அது தப்பு பண்ணணும். பண்ணும்போது பிடிக்கணும். அதுக்காக மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தணும். மோட்டார் சூடாகும். எரிஞ்சாலும் எரியலாம். இந்த நேரத்துல தண்ணி இல்லன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வேண்டாம்னு சொன்னீங்கன்னா கழட்டிட்டுப் போயிர்றோம். உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல."

வள்ளிக்கண்ணு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். வாய்க்கால் பக்கம் போய் நின்றாள். தார்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் எனக்கு மருந்து வித்தவன், பைப்பு வித்தவன், ஒருத்தனாச்சும் ரெண்டாந்தரம் இந்த வரப்புல நடந்திருக்கானா? நீங்க எத்தன தரம் வந்துட்டீங்க. மோட்டார் எரிஞ்சா பக்கத்து ஆண்டி அண்ணன் கிணத்துல தண்ணி வாங்கி ஒரு மாசம் ஓட்டிக்கலாம். நீங்க பாதியில விட்டுட்டுப் போனா நான் யாரத் தேடிப் போறது? போடுங்க."

"அக்கா..."

"ஆனா மெயினு கிட்ட நான்தான் நிப்பேன். அடிக்க ஆரம்பிச்சா இழுத்துருவேன். அதுக்குள்ள பிடிச்சுக்கணும்."

"அது போதும் அக்கா. ஒரு தடவை அடிச்சா போதும்."

சாட்சிப் பெட்டியின் கம்பிக்கற்றையைச் சிப்பின் மேல் கவ்வ வைத்து, பேட்டரியை இணைத்தாள். பாக்கியநாதன் தானியங்கிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வள்ளிக்கண்ணு மெயின் கைப்பிடியில் கை வைத்து நின்றாள்.

பெட்டி மோட்டாரைப் போட்டது, ஓடியது. நிறுத்தினார்கள். மறுபடி போட்டது, ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. வெயில் ஏறியது. நன்றாக வேலை செய்யும் ஒரு பெட்டியைப் பார்த்து மூன்று பேர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்த பாக்கியநாதன், கொஞ்சம் ஆறட்டும் என்றார். வீரமலை கம்பு ஊன்றி, மெதுவாக வாழைக்குள் நடந்து வந்து, ஒரு தூக்குப்பாத்திரத்தில் மோர் கொடுத்துவிட்டு, கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"அதுக்கும் ஆளுங்களப் பாத்தா வெக்கம் போல," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி போட்டார்கள். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் வெறுங்கையோடுதான் போகப்போகிறோம் என்று லூர்துராணி நினைத்த நேரத்தில் ஸ்டார்ட்டர் தடக்கென்று விழுந்தது. உடனே மறுபடி பிடித்தது.

"இழுங்க!" என்று அவள் கத்துவதற்குள் வள்ளிக்கண்ணு மெயினை இழுத்திருந்தாள்.

எல்லாம் அடங்கியது. தானியங்கிப் பெட்டியில் ஒரு வெளிச்சமும் இல்லை. பேட்டரியில் இருந்த சாட்சிப் பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்குகள் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. பதிவு நின்றிருந்தது.

லூர்துராணி பித்தானை அமுக்கி முகவரிகளைப் படிக்கப் படிக்க, பாக்கியநாதன் கரித்துண்டால் சுவரில் கீழிருந்து மேலாக எழுதினார். மேலிருந்து பார்த்தால், மோட்டார் ஓடும்போது சிப் சுற்றிவரும் காத்திருப்புப் பகுதியின் எண்கள் வரிசையாக வந்தன. எல்லாம் அவள் எழுதியபடியே, ஒழுங்காக. அடுத்து ஒரே தாவல்.

"படி," என்றார் பாக்கியநாதன்.

"பூஜ்யம், பூஜ்யம், ரெண்டு, நாலு."

"நல்லாப் பாரு. கரண்டு இறங்கி முதல்ல இருந்து தொடங்கியிருந்தா நாலும் பூஜ்யமால்ல இருக்கணும்?"

"நாலும் பூஜ்யம் இல்ல சார். இருபத்தி நாலுதான்."

இருவரும் அந்த எண்ணையே பார்த்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் போர்டைப் பார்த்தார்கள். அந்தச் சிப்பின் நாற்பது கால்களில் ஒன்று அவசர அழைப்புக்கானது. அதில் ஒரு அதிர்ச்சி பட்டால், சிப் செய்துகொண்டிருக்கும் எதையும் அப்படியே போட்டுவிட்டு அந்த இருபத்து நான்காம் முகவரிக்கு ஓடும். அதைத் தடுக்கப் புரோகிராமால் முடியாது. அவர்களுடைய பெட்டிக்கு அந்தக் கால் தேவைப்படவில்லை. தேவையில்லாததால் பாக்கியநாதன் படம் வரையும்போது அதை எதோடும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டிருந்தார். ஸ்டார்ட்டர் பிடிக்கும்போது எழும் பொறி சில சமயம் அந்தக் காலைத் தொட்டுவிட்டது. இருபத்து நான்காம் முகவரியில் அவள் எழுதியிருந்தது தொடக்கப் பகுதியின் நடுவரி. அதனால்தான் மோட்டாரை நிறுத்தி, பொறுத்திருக்கும் வரிகளையும் தாண்டி, உடனே மறுபடி போட்டது. மேஜையில் பல்பு போட்டபோது பொறியும் இல்லை, தவறும் இல்லை.

"நான் விட்ட கால்," என்றார் பாக்கியநாதன். முகத்தில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. "உன்னைத்தானே நான் மாத்தி மாத்தி எழுதச் சொல்லிட்டிருந்தேன்."

"நானும் அந்த இடத்துல திரும்பிப் போன்னு ஒரு வரி எழுதி வச்சிருக்கலாம் சார். ரெண்டு பேருமே அதை நினைக்கல," என்றாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

வள்ளிக்கண்ணு பயந்துவிட்டாள். "என்ன தங்கச்சி, கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. கிடைச்சிருச்சு! உங்களாலதான் கிடைச்சிருச்சு."

போர்டைக் கழற்றி, மோட்டார் மெயினோடு சேராத சுவர்ப் பிளக்கில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைச் செருகி, அந்தக் காலிலிருந்து தரைக் கம்பிக்கு விரல்நீளக் கம்பித் துண்டு ஒன்றைப் பற்றவைத்தாள். மறுபடி மாட்டினார்கள். மெயினைப் போடச் சொன்னபோது வள்ளிக்கண்ணு வீரமலையைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். மோட்டார் பிடித்து ஓடியது. நிறுத்தினார்கள், போட்டார்கள். மத்தியானம் கரண்ட் போகும் வரை அப்படியே பார்த்தார்கள். ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கரண்ட் போனதும் மூவரும் வாய்க்காலில் கால் நனைத்து உட்கார்ந்து, வீரமலையோடு மீதி மோரைக் குடித்தார்கள்.

அடுத்த வாரம் லூர்துராணி புரோகிராமிலும் அந்த இடத்தைச் சரிசெய்து புதிய சிப்பைக் கொண்டுபோய்ச் செருகினாள். ஆடி வரைக்கும் கார்டு வரவில்லை. வரவில்லை என்பதே அவளுக்கு உறுத்தலாக இருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே பஸ் ஏறிப் போனாள். வள்ளிக்கண்ணு வீட்டில் இல்லை. முசிறியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். இரண்டு நாள் தங்கி வருவாளாம்.

"கல்யாணம் ஆனதுலேருந்து அவ ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கினதில்ல," என்றார் வீரமலை. தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. "யாரும் போடல. அதுவே போட்டுக்கிச்சு."

அதன் பிறகு தொட்டியத்திலும் காட்டுப்புத்தூரிலும் அந்தப் பெட்டியைப் பலர் கேட்டு மாட்டிக்கொண்டார்கள். தராசு வேலையிலும் ஒரு சிக்கல் வந்தபோது சாட்சிப் பெட்டிதான் கைகொடுத்தது. துவாக்குடியில் சிறு தொழில் நடத்திய நண்பர்கள் இரவல் கேட்டால் பாக்கியநாதன் மறுக்காமல் கொடுத்தார். பேட்டரியை மட்டும் சேக் மைதீன் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்.

லூர்துராணிக்கு மனசு நிறைந்திருந்தது. யாரிடமாவது முழுதாகச் சொல்லித் தீர்க்க வேண்டும் போல இருந்தது. மாதா கோவிலில் ஒரு நன்றிப் பூசைக்குச் சொல்லிவைத்தாள். யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டபோது பெயர்களைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"இவங்கள்லாம் நம்ம கோவில் பங்கு மக்களா?"

"இல்ல ஃபாதர். ஆனா நான் நன்றி சொல்ல வேண்டியவங்க."

அவர் குனிந்து மீதிப் பெயர்களையும் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நோய் தீர்ந்தவர்களுக்காகவும் பரீட்சையில் தேறியவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டபின், சாமியார் நிறுத்தி நிதானமாகப் படித்தார்: "பெற்ற உதவிக்கு நன்றியாக, பாக்கியநாதன், சேக் மைதீன், தொட்டியம் வீரமலை, வள்ளிக்கண்ணு இவர்களுக்காக."

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ரோசம்மாள் மகளின் பக்கம் சாய்ந்து, "யாருடி அந்த வள்ளிக்கண்ணு?" என்று கிசுகிசுத்தாள்.

"நாங்க பாத்துக் கத்துக்கறதுக்குத் தன் மோட்டாரையே குடுத்தவங்கம்மா."

ரோசம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. இருந்தாலும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எல்லாரோடும் சேர்ந்து அந்த வேண்டுதலுக்கு உரக்கப் பதில் சொன்னாள்.